பெசியேக்காரரின் வாயும் என் குரலும்

ஃபிர்மேன் லக்காஸ் முப்பது வருடங்களில் எழுபத்து மூன்று படங்களில் நடித்தார். அவற்றில் நாற்பதுக்கும் மேல் கிராமப்புறப் போலீஸ்காரர் வேடம். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் யாராவது ஓடினார்களா என்று கேட்பாரே, அவர்தான். பாரீஸ் மெட்ரோவில் அவருக்கு எதிரே உட்காருகிறவர்கள் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பார்கள். தூரத்து உறவா, பல் பிடுங்கிய டாக்டரா என்று யோசிப்பது முகத்தில் தெரியும். பெயர் மட்டும் யாருக்கும் வராது.

அந்த முகத்திலிருந்து வந்த குரலும் பெரும்பாலும் அவருடையது அல்ல. என்னுடையது. என் பெயர் ஒக்தாவ் ப்ரூனியே. டப்பிங் பேசுவது என் பிழைப்பு. குதிரைக்காரர்கள், கொள்ளைக்காரர்கள், பாதிரியார்கள் என்று எத்தனையோ பேருக்கு வாயாக இருந்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்தான் என்னைத் தேடி வந்து சட்டையைப் பிடித்தார்.

ஃபிர்மேன் பிரான்ஸின் தெற்கே பெசியே என்ற நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா ரயில்வே கேட் காவலாளி. இவர் பெசியேவில் பஸ் கண்டக்டராக இருந்தார். உலகப் போர் வந்தது. நாற்பதாம் வருடம் பிடிபட்டு, ஐந்து வருடம் ஜெர்மனியில் கைதி முகாமில் கிடந்தார். முகாமில் பொழுது போகாமல் கைதிகள் நாடகம் போட்டார்கள். சாக்குத்துணியில் பாவாடை தைத்துக்கொண்டு ஃபிர்மேன் ஒரு விதவையாக நடித்தபோது, ஐந்நூறு ஆண்பிள்ளைகள் சத்தமில்லாமல் அழுதார்களாம். கூட இருந்த பாரீஸ்காரக் கைதி ஒருவன், விடுதலையானதும் நீ ஊருக்குப் போகக்கூடாது, பாரீஸுக்கு வா என்று சொல்லியிருக்கிறான். இவர் அதை நம்பி வந்துவிட்டார். அந்த ஆள் அதற்குள் காய்ச்சலில் செத்துப்போயிருந்தான்.

ஆறு வருடம் கூட்டத்தில் ஒருவராக நின்றார். தொப்பி போட்டுப் போனார், தொப்பி இல்லாமல் போனார். ஐம்பத்தொன்றில் முதன்முதலாக உருப்படியான வேடம் கிடைத்தது. ஒரு சின்ன ஸ்டேஷனின் அதிகாரி. மகனை வரவேற்கப் பூங்கொத்தோடு பிளாட்பாரத்தில் நிற்கும் தாயிடம், ரயில் பாலத்திலிருந்து விழுந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். ஏழு நிமிடக் காட்சி. அதை அவர் ஒரே எடுப்பில் முடித்தார் என்று அந்தப் படத்தில் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். விளக்குக்காரர்கள்கூடக் கை தட்டினார்களாம்.

படம் வெளிவந்து இரண்டாம் வாரம், மதியச் சாப்பாட்டுக்கு நான் டப்பிங் அறையிலிருந்து வெளியே வந்தேன். நடைபாதையில் ஒரு மனிதர், கையில் தொப்பியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ப்ரூனியேங்கது நீருதானா?"

"ஆமா. நீங்க யாரு?"

"நல்லாப் பாரும். என்னையத் தெரியலையோ உமக்கு?"

தெரியாமல் என்ன? இரண்டு நாள் இருட்டறையில் அந்த உதடுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். "உங்க வாயை எனக்கு நல்லாவே தெரியும்" என்றேன். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னேன். அவர் என் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தார்.

"பெசியேல என் தங்கச்சி பாதித் தெருவையே கூட்டிட்டுப் படத்துக்குப் போயிருக்கா, வே. எங்க அண்ணன் வாரான், பாருங்க பாருங்கன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்கா. நான் தெரையில வாயத் தொறந்ததும் கொட்டகையே சிரிச்சிருக்கு. பிள்ளைய இழந்தவகிட்ட நிக்கேன் நான். அங்க சிரிக்கானுவ! ஃபிர்மேனுக்குத் தொண்டையில பாரீஸ்காரன் குடியேறிட்டான்னு பேசுதானுவ!"

"எனக்கு வசனத் தாளைக் குடுத்தாங்க, பேசினேன். இதுல நான் என்ன பண்ணேன்? தயாரிப்பாளரைப் போய்ப் பிடிங்க."

"பிடிச்சேன். தெக்கத்திப் பேச்சுன்னா ஜனங்க சிரிப்பாங்க, துக்கக் காட்சிக்கு ஆவாதுன்னான். இப்ப பெசியே பூரா சிரிக்கே, அதுக்கு யாரு பதில் சொல்லுதது?"

எனக்குப் பசிதான் இருந்தது. அவருக்கும் இருந்தது. முக்கில் இருந்த கடையில் பயறும் சாசேஜும் சாப்பிட்டோம். சாப்பிடும்போதும் அவர் விடவில்லை. நானும் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அவருக்குப் பேசுவது எனக்கு உயிர் போகிற வேலை. தெற்கத்திக்காரர்கள் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் வாய் நிறையச் சொல்வார்கள். பாரீஸில் நாங்கள் அதை விழுங்கிவிடுவோம். என் வசனம் முடிந்த பிறகும் அவர் வாய் கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியை நான் பெருமூச்சுகளால் நிரப்பியிருந்தேன்.

"அந்தப் பெருமூச்சைத்தான் பத்திரிகைக்காரன் பாராட்டி எழுதியிருக்கான்" என்றார் ஃபிர்மேன். முதன்முறையாகச் சிரித்தார். ஒயினுக்கு அவரே சொன்னார்.

அந்தப் பெருமூச்சுதான் எங்கள் இருவருக்கும் வினையாகிப் போனது. அவரை அழைத்தவர்கள் எல்லாம் கூடவே என்னையும் அழைத்தார்கள். ஐந்து வருடத்தில் ஒன்பது படம். அவர் வெயிலிலும் சேற்றிலும் நடிப்பார். மூன்று மாதம் கழித்து நான் நாற்காலியில் உட்கார்ந்து அவருக்காகப் பேசுவேன். படம் வந்ததும் அவர் என் வீட்டுக்கு வந்து சண்டை போடுவார். இந்த இடத்தில் நான் கோபப்பட்டேன், நீர் ஏன் கெஞ்சினீர் என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும். என் மனைவி அவருக்கு ஒரு தட்டு எடுத்துவைத்துவிட்டு, சண்டை முடியட்டும் என்று சமையலறையில் காத்திருப்பாள்.

ஐம்பத்து நான்கில் ஒரு முடிவுக்கு வந்தார். பாரீஸ் பேச்சைக் கற்றுக்கொள்வது. ப்ளாந்தீன் என்ற இளம்பெண், திக்குவாய்ப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். அவளிடம் புதிதாக வந்த டேப் ரிக்கார்டர் ஒன்று இருந்தது. வாரத்தில் மூன்று காலை அவளிடம் போனார். பற்களுக்கிடையே பென்சிலைக் கடித்துக்கொண்டு பேசுவார், தன் குரலைத் தானே கேட்பார், தலையில் அடித்துக்கொள்வார். காய்கறிக் கடையில், தபால் ஆபீஸில், எங்கும் ஊர்ப் பேச்சு பேசுவதில்லை என்று சபதம். கோபம் வந்தால்கூடப் பத்து எண்ணிவிட்டுப் பாரீஸ் பேச்சில்தான் திட்டினார். தங்கையோடு டெலிபோனில் பேசுவதை நிறுத்திக் கடிதம் மட்டும் எழுதினார். மூன்று வருடம். கடைசியில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று பேசினார். கண்ணை மூடிக்கொண்டால் எங்கள் தெரு வக்கீல் பேசுகிற மாதிரியே இருந்தது.

"எப்படி இருக்கு, ப்ரூனியே? சொல்லுங்க."

"என் வேலை போச்சு" என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

என் வேலை போகவில்லை. அடுத்த படத்தில் அவர் சுத்தமான பாரீஸ் பேச்சில் நடித்தார். தயாரிப்பாளர் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய்க் கேட்டேன்: "அவரே நல்லாப் பேசியிருக்காரே, நான் எதுக்கு?"

"நல்லாத்தான் பேசியிருக்கார். ஆனா அந்த முகத்துக்கு அந்தக் குரல் ஒட்டல. ஜனங்களுக்கு உங்க குரல்தான் பழகிப்போச்சு. வேற குரல் வந்தா, யாரோ டப்பிங் பேசியிருக்காங்கன்னு நினைப்பாங்க."

நான் அன்றைக்கு மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள், அதில் ஒருத்திக்கு அப்போது காச நோய், மலை மேல் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நீங்கள் மாட்டேன் என்றால் வேறு ஆள் இருக்கிறார் என்றும் தயாரிப்பாளர் சொன்னார். பேசினேன். படம் வந்தபோது ஃபிர்மேன் சண்டை போட வரவில்லை. எட்டு மாதம் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. என் மகள் குணமாகித் திரும்பிய அன்று, ஒரு கூடை அத்திப்பழத்தோடு வந்து அவளிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்தும் பார்க்காமல் போனார்.

அறுபத்தொன்றில் கெர்வான் என்ற இருபத்தெட்டு வயது இயக்குநர் அவரைத் தேடி வந்தான். ஸ்டூடியோ வேண்டாம், டப்பிங் வேண்டாம், நிஜமான ஊரில், நிஜமான சத்தத்தோடு எடுப்பேன் என்கிற புதுப் பையன்களில் ஒருவன். கதை ஒரு தெற்கத்தித் திராட்சை விவசாயியைப் பற்றியது. விலை கிடைக்காமல் ஒயின் பீப்பாய்களை நடுரோட்டில் உடைத்து ஊற்றுகிறவன். முழுப் படமும் அவன்தான். ஃபிர்மேன் பெசியேக்காரர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஃபிர்மேன் பழைய கோபத்தை மறந்து என்னையும் சோதனைப் படப்பிடிப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். கேமரா ஓடியது. அவர் பேசினார். எங்கள் தெரு வக்கீல் பேசினார்.

"அருமை" என்றான் கெர்வான். "இப்போ உங்க ஊர்ப் பேச்சுல பேசுங்க."

ஃபிர்மேன் தொண்டையைச் செருமினார். பேசினார்.  அது பெசியே பேச்சு இல்லை. பெசியேக்காரனைக் கேலி செய்கிற பாரீஸ் நகைச்சுவை நடிகனின் பேச்சு. கேமராக்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். ஃபிர்மேன் மறுபடி பேசினார். இன்னும் மோசம். மூன்றாம் முறை பாதியில் நிறுத்திவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கெர்வான் நல்ல பையன். "ரெண்டு மாசம் இருக்கு, ஐயா. ஊருக்குப் போய்ட்டு வாங்க. தானா வந்துடும்" என்றான்.

ஃபிர்மேன் போனார். தங்கை எர்மீன் எட்டு வருடமாக அவரைப் பார்க்கவில்லை. வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் எந்திரிங்க, பாரீஸ் துரை வந்திருக்காரு! அந்த நாற்காலியத் தொடச்சுப் போடுங்க. துரை என்ன குடிப்பீய? எங்க ஒயின் உம்ம தொண்டையில எறங்குமா?"

"எர்மீன், தயவுசெஞ்சு..."

"கேட்டியளா! தயவுசெஞ்சாம்ல! நோட்டீஸ் குடுக்க வந்த ஆளு மாதிரில்லா பேசுதான் எங்க அண்ணன்!"

அறுவடைக் காலம். தங்கை குடும்பத்தோடு திராட்சை வெட்டப் போனார். காபி கடையில் சீட்டாடுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தார். அவர் வந்ததும் அவர்கள் பாரீஸ்காரரிடம் பேசுவது போல் நல்ல பேச்சுக்கு மாறிவிடுவார்கள். அடுப்படியில் எர்மீன் பேசுவதை அவளுக்குத் தெரியாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒருநாள் அவள் நோட்டைப் பிடுங்கிப் படித்துவிட்டாள்.

"என்னண்ணே இது? நான் பேசுதத எழுதுதியா? பிறந்து வளந்த பேச்ச, கோட்டிக்காரன் மாதிரி எழுதியா படிப்பாவ?"

கேட்டுவிட்டு அழுதாள். அவளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. கேலி நின்றது இன்னும் கஷ்டமாக இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். நோயாளியைப் பார்த்துக்கொள்வது போல வீட்டில் எல்லோரும் அவரிடம் மெதுவாக, தெளிவாக, ஊர்ப் பேச்சுப் பேசினார்களாம்.

ஆறாவது வாரம், திராட்சை ஏற்றிய டிராக்டரை மச்சான் பின்னால் எடுத்தபோது சக்கரம் ஃபிர்மேனின் இடது பாதத்தில் ஏறி இறங்கியது. அவர் வாயிலிருந்து வந்த வசவைத் தோட்டம் முழுக்க நின்று கேட்டிருக்கிறது. மச்சானை, மச்சானின் அப்பனை, டிராக்டரை, அதைச் செய்த கம்பெனியை, கேமராவை, பாரீஸை, ப்ளாந்தீனின் பென்சிலை, என்னை. எல்லாம் அச்சு அசல் பெசியே பேச்சு. எர்மீன் வெட்டுக் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டான்! எங்க அண்ணன் வந்துட்டான்!"

"காலு போச்சுடி! முதல்ல காலப் பாரு!"

பாதத்தில் மூன்று எலும்பு முறிவு. மாவுக்கட்டு. தபால் ஆபீஸிலிருந்து கெர்வானுக்கு டெலிபோன் செய்து, "கேளுங்க தம்பி, கேளுங்க, எப்படிப் பேசுதேன்னு கேளுங்க" என்றார். கெர்வான் கேட்டான். சந்தோஷப்பட்டான். எத்தனை நாளில் நடப்பீர்கள் என்று கேட்டான். டாக்டர் மூன்று மாதம் சொல்லியிருந்தார்.

கெர்வான் காத்திருக்கத் தயாராக இருந்தான். பணம் போட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு முதலிலிருந்தே பெயர் தெரிந்த முகம்தான் வேண்டும். கால் உடைந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஒரு பெரிய நட்சத்திரத்தைப் போட்டார்கள். பாரீஸில் பிறந்து வளர்ந்தவர். படப்பிடிப்பு பெசியேவிலிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில். அந்த நட்சத்திரத்துக்குத் தெற்கத்திப் பேச்சு வரவில்லை. கெர்வான் கார் எடுத்துக்கொண்டு எர்மீன் வீட்டுக்கே வந்தான். முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"ஐயா, நீங்க வந்து அவருக்குச் சொல்லிக்குடுக்கணும். கேக்கவே எனக்கு வெக்கமா இருக்கு. ஆனா நீங்க வரலைன்னா இந்தப் படம் கேலிக்கூத்தா ஆயிடும்."

எர்மீன் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். ஃபிர்மேன் அவளை நிறுத்தினார். ஊன்றுகோலோடு காரில் ஏறினார். பன்னிரண்டு நாள், கேமராவுக்குப் பின்னால் ஒரு பெட்டி மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, தன் வேடத்தின் ஒவ்வொரு வசனத்தையும் இன்னொருவருக்குப் பேசிக் காட்டினார். ஏன் போனீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அந்த விவசாயி தப்பாப் பேசக்கூடாதுல்லா" என்றார். பிறகு, "சவத்த விடும், வே. எனக்கே தெரியல" என்றார்.

அந்த நட்சத்திரத்துக்கு அந்தப் படத்துக்காக விருது கிடைத்தது. மேடையில் ஏறி, பேச்சுச் சொல்லிக்கொடுத்த பெசியே நண்பருக்கு நன்றி என்றார். பெயர் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. கையை அசைத்துச் சமாளித்தார். கெர்வான் அதன் பின் ஒரு படம் எடுத்தான், ஓடவில்லை. விளம்பரப் படங்களுக்குப் போய்விட்டான்.

ஃபிர்மேன் பாரீஸுக்குத் திரும்பினார். மறுபடி போலீஸ் தொப்பி. இப்போது வசனமும் குறைந்துகொண்டே வந்தது. எனக்கும் அவருக்காகப் பேச ஒன்றும் இருக்கவில்லை.

எழுபத்து நான்கு மார்ச்சில் நடந்ததை உடுப்புப் பொறுப்பாளர் சோலாஞ்ச் எனக்குச் சொன்னாள். பாரீஸுக்குத் தெற்கே ஒரு கிராமத்துச் சாலையில் படப்பிடிப்பு. ஃபிர்மேனுக்கு ஐம்பத்தைந்து வயது. வேடம், சுடப்பட்டுப் பள்ளத்தில் கிடக்கும் போலீஸ்காரர். படம் தொடங்கும்போதே பிணம். தீயணைப்பு வண்டியிலிருந்து அவர் மேல் மழை பெய்யவைத்தார்கள். எட்டு முறை எடுத்தார்கள். ஒன்பதாம் முறை உதவி இயக்குநர் ஒலிபெருக்கியில் கத்தினான்:

"பொணம் மூச்சு விடுது! யோவ், பொணத்துக்கு நடிக்கவே தெரியாதாய்யா?"

ஃபிர்மேன் பள்ளத்திலிருந்து எழுந்தார். சேற்றை வழித்து எறிந்தார். தொப்பியைத் தேடித் தலையில் வைத்துக்கொண்டு, சாலையில் ஏறி நடந்துவிட்டார். உடுப்பு வாடகைக்கு எடுத்தது என்பதால் சோலாஞ்ச் மொபெட்டை எடுத்துக்கொண்டு துரத்தினாள்.

ஒரு கிலோமீட்டர் தள்ளி, நாற்சந்தியில், ரொட்டி விற்கும் வேன் ஒன்றும் ஒரு புது காரும் முட்டிக்கொண்டு நின்றன. ரொட்டிக்காரரும் காரோட்டியும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். நனைந்த உடுப்பில் போலீஸ்காரர் ஒருவர் நடந்து வருவதைப் பார்த்ததும் இரண்டு பேரும் அவரிடம் ஓடினார்கள்.

"நீங்களே சொல்லுங்க சார், வலது பக்கமிருந்து வர்றவனுக்குத்தானே முதல்ல வழி விடணும், நான் வலது பக்கமிருந்து வந்தேனா இல்லையா?" என்றார் ரொட்டிக்காரர்.

"பொய் சார்! இந்த ஆளு தூங்கிக்கிட்டே ஓட்டுறான்!"

 ஃபிர்மேன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பெசியே பேச்சில் ஆரம்பித்தார்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. முதல்ல உசுரு இருக்கான்னு பாத்தீயளா? வண்டியில பிள்ள இருக்கே, அது பயந்து நடுங்குது. அதத் தூக்கும்வே மொதல்ல. தகரத்துக்கு அப்புறம் அழலாம்."

காரில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. காரோட்டி ஓடிப்போய்த் தூக்கினார். ஃபிர்மேன் சக்கரத் தடங்களை நடந்து அளந்தார். இருவரையும் தனித்தனியாகக் கேட்டார். தவறு காரோட்டியுடையது என்று சொன்னார், ரொட்டிக்காரர் வாயைத் திறந்ததும், "உம்ம பிரேக்கு கட்டையும் தேஞ்சு கெடக்கு, நான் பாக்கலன்னு நெனச்சீரோ?" என்றார். கால் மணி நேரத்தில் இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். சோலாஞ்ச் அத்தனை நேரமும் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறாள். இருபது வருடமாக அவர் உடுப்புக்குப் பொத்தான் தைத்தவள், அவர் நடித்து இப்படிப் பார்த்ததே இல்லை என்றாள்.

"எந்த ஸ்டேஷன் சார் நீங்க?" என்று ரொட்டிக்காரர் கேட்டார்.

"எந்த ஸ்டேஷனும் இல்ல" என்றார் ஃபிர்மேன். ரொட்டி வேனுக்குள்ளேயே உடுப்பைக் கழற்றிச் சோலாஞ்சிடம் கொடுத்துவிட்டு, ரொட்டிக்காரரின் மாவு படிந்த கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலடிக்குப் போனார்.

அந்தக் கம்பெனி அவரை மறுபடி கூப்பிடவில்லை. விஷயம் பரவி மற்றவர்களும் கூப்பிடவில்லை. கோடையில் வாடகை அறையைக் காலி செய்து பெசியேவுக்குப் போனார். பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் இயக்குநர் அவரைத் தேடி என்னிடம் வந்தாள். ஓய்வு பெற்ற வாத்தியார் வேடம். பெரிய வேடம். அவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசலாம் என்று எழுதியே கொடுத்தாள். நான் பெசியேவுக்கு டெலிபோன் செய்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். 

"நல்ல வேஷமாத்தான் இருக்கு" என்றார் கடைசியில்.

"அப்போ வரீங்களா?"

"இல்ல, வே. போதும்."

"முட்டாள்தனம் பண்ணாதீங்க, ஃபிர்மேன். இதுக்காகத்தானே இத்தனை வருஷம்..."

"அதான் சொல்லுதேன். இத்தன வருசம். இனி நான் வந்து, அதுவும் வெளங்காமப் போச்சுன்னா, அதத் தாங்க எனக்குத் தெம்பு இல்ல."

ஒரு மணி நேரம் மன்றாடினேன். எர்மீனும் டெலிபோனைப் பிடுங்கி, நானும் சொல்லிப் பாத்துட்டேன், கல்லு மாதிரி இருக்கான் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிசீவரை அறைந்து வைத்தேன். அந்த வேடத்தை வேறொருவர் செய்தார். நன்றாகச் செய்யவில்லை.